மீனுக்குள் புழு: கரையிலும் சமையலறையிலும் செய்ய வேண்டியவை

பெரியநீலாவணையில் மீனுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே கடல். மேற்கே குடியிருப்பையும் வயலையும் தாண்டினால் மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி. வடக்கே கல்லாற்றில் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம். கரைவலையில் விழும் கீரியும் நெத்தலியும், ஆழ்கடலிலிருந்து வரும் அறுக்குளாவும் சூரையும், வாவி இறாலும், அம்பாறைக் குளங்களிலிருந்து வரும் விராலும் திலாப்பியாவும் ஒரே வாரத்தில் ஒரே சட்டிக்குள் வந்துவிடுகின்றன. இந்த நீர்கள் ஒவ்வொன்றிலும் மீனை அண்டிப் பிழைக்கும் புழுக்கள் உண்டு. இயற்கை நீரில் வளர்ந்த மீனில் புழு இருப்பது வழக்கமே. இல்லாமல் இருப்பதுதான் அபூர்வம்.

அதனால்தான் இந்த அத்தியாயம் தேவைப்படுகிறது. அறுக்குளாத் துண்டில் வெள்ளையாக ஏதோ நெளிவதைக் கண்டவுடன் முழு மீனையும் நாய்க்குப் போடும் வீடுகள் உண்டு. எதையும் பாராமல் தேசிக்காய்ப்புளியில் ஊறவைத்து அரைவேக்காட்டில் தின்றுவிடும் இளைஞர்களும் உண்டு. முன்னது காசுக்கு நட்டம், பின்னது உடம்புக்கு நட்டம். இரண்டையும் தவிர்க்க, எந்தப் புழு எங்கே இருக்கும், எது மனிதருக்கு ஆகாது, எது அதைக் கொல்லும் என்பதை அறிந்தால் போதும். புழு உள்ள மீனை உண்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசப்படுவது உடல்நலம் மட்டுமே.

எந்தப் புழு, எங்கே

கடல் மீனில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அனிசாக்கிஸ். மீனில் இருப்பது அதன் குஞ்சுப் பருவம். நீளம் 2 முதல் 3 சென்ரிமீற்றர். வெண்மையாகவோ சற்று மங்கலாகவோ, மணிக்கூட்டுச் சுருள்போலச் சுருண்டு, ஈரல், குடல், வயிற்றுச் சுவர் ஆகியவற்றில் ஒட்டிக் கிடக்கும். சில வேளை வயிற்றை ஒட்டிய சதைக்குள்ளும் புகுந்திருக்கும். இது முழுப் புழுவாக வளர்வது திமிங்கிலத்தினதும் ஓங்கிலினதும் வயிற்றில். அவற்றின் மலத்தோடு முட்டை கடலில் விழுகிறது. கூனி போன்ற சிறு உயிர்கள் அதை விழுங்குகின்றன. அவற்றை மீனும் கணவாயும் தின்னுகின்றன. பெரிய மீன் சிறிய மீனைத் தின்னும்போது புழுவும் சேர்ந்து இடம் மாறுகிறது. ஆகவே நீண்டகாலம் வாழ்ந்த, பிற மீனைத் தின்று வளர்ந்த பெரிய மீனில் இவை கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நம்மைப் போன்ற வெப்பக் கடல்களில் பரவலாக உள்ளது அனிசாக்கிஸ் டைபிக்கா என்ற இனம். உலகில் பதிவான நோயில் பெரும்பகுதிக்குக் காரணம் குளிர்கடலில் வாழும் அனிசாக்கிஸ் சிம்ப்ளெக்ஸ். இதைக் காட்டி நம் மீனைப் பச்சையாகத் தின்னலாம் என்று முடிவு செய்ய வேண்டாம். கையில் உள்ள புழு எந்த இனம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

சந்தையில் வாங்குவோரை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. அறுக்குளா, சூரை, கலவாய் போன்றவற்றின் வயிற்றறையிலும் சதையிலும் பால் வெள்ளை நிறத்தில், அரிசி மணியளவு தலையும் நீண்ட வாலுமாகச் சில பைகள் இருக்கும். வெட்டினால் உள்ளிருந்து வெண்ணிறப் புழு வெளிவரும். இது திரைப்பனோரிங்கா எனும் நாடாப்புழு வகையின் குஞ்சு. இதன் கடைசி வீடு சுறாவும் திருக்கையும். மனித வயிற்றில் இது நிலைக்காது, நோய் தராது. பார்க்க அருவருப்பாக இருக்கும், அவ்வளவே. கத்தி நுனியால் அந்த இடத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். ஒரு துண்டு நிறைய இவை மண்டியிருந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிடுங்கள். காரணம் சுவை, நச்சல்ல.

கலவாயின் முட்டைப்பையைத் திறந்தால் சிவப்பு நூல்போல நீளமான புழு சுருண்டு கிடப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். பிலோமெட்ரா என்ற உருளைப்புழு. மீனின் இரத்தத்தைக் குடித்து நிறம் ஏறியது. மீனின் முட்டைக்கு அது கேடு, உண்பவருக்குக் கேடில்லை. முட்டைப்பையை எறிந்துவிட்டால் சதையில் தேட வேண்டியதில்லை.

வாயைத் திறந்தவுடன் நாக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பூச்சி புழுவே அல்ல. இறால் கூட்டத்தைச் சேர்ந்த ஓட்டுடலி அது. தலையோடு போய்விடும்.

குளத்து மீனின் கதை வேறு. மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்கு 1952இல் கொண்டுவரப்பட்டு, இன்று உள்நாட்டு நீர்நிலைகளின் முக்கிய உணவு மீனாகிவிட்டது. குளங்களில் நத்தை மலிந்திருக்கும். நத்தையில் வளர்ந்து வெளிவரும் தட்டைப்புழுக் குஞ்சுகள் மீனின் தோலுக்குள்ளும் சதைக்குள்ளும் பொதிந்துகொள்ளும். தோலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது இந்த வகை. செவுளருகிலோ சதையிலோ மஞ்சள் மணிகள் தெரிந்தால் கிளினோஸ்ரோமம் எனும் இனமாக இருக்கலாம். கொக்கும் நாரையும் இந்த மீனைத் தின்னும்போது அவற்றின் தொண்டையில் அது முழுப் புழுவாகிறது. பச்சையாக விழுங்கிய மனிதரின் தொண்டையிலும் அரிதாக ஒட்டிக்கொண்டு வீக்கம் தந்திருக்கிறது.

நன்னீர் மீனைப் பச்சையாக உண்பதன் பெரும் கேட்டைக் காட்டும் இடம் தாய்லாந்தின் வடகிழக்கும் லாவோசும். அங்கே சிறு ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி உண்ணும் பழக்கத்தால் ஒபிஸ்தோர்கிஸ் என்ற ஈரல் தட்டைப்புழு பித்தக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் தங்கி, பித்தக் குழாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்தப் புழுவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் காரணிகளின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. இதன் உறவினப் புழு ஒன்று கொரியாவின் ஆற்று மீனில் உண்டு. நமது பிரதேசத்திலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்: கூட வேலை செய்பவர்கள் ஆற்று மீனைப் பச்சையாகத் தந்தால் தொட வேண்டாம்.

வெட்டும்போது

மீன் செத்த பின் வயிற்றிலுள்ள அனிசாக்கிஸ் குஞ்சுகள் சதைக்குள் நகரக்கூடும். கரையேறிய மீனின் குடலை எவ்வளவு விரைவில் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. படகிலேயே எடுப்பது மேல். இல்லையென்றால் வாங்கி வந்தவுடன். மத்தியானம் வாங்கி, குடலோடு பிரிட்ஜில் வைத்து, இரவு கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

குடலை எடுத்தபின் வயிற்றறையின் உட்சுவரில் உள்ள கரிய மெல்லிய சவ்வைத் தேய்த்து நீக்குங்கள். சுருண்ட புழுக்கள் அதற்கடியில்தான் பதுங்கும். வயிற்றுப் பக்கத்து மெல்லிய மடிப்பைத் தனியாக வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைத்தொலைபேசியின் லைட்டைத் துண்டின் பின்புறம் பிடித்தால் மெல்லிய சதையில் புழு நிழலாகத் தெரியும். மீன் பதனிடும் ஆலைகளிலும் இதே முறைதான், விளக்கு பொருத்திய கண்ணாடி மேசையில் நடக்கிறது. தடித்த துண்டுக்கும் சிவப்புச் சதை கொண்ட சூரைக்கும் இந்த வழி உதவாது. ஆகவே கண்ணில் படவில்லை என்பதை வைத்துப் பச்சையாகத் தின்னத் துணிய வேண்டாம்.

குடல் வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் தேங்காயோ வெங்காயமோ வெட்டாதீர்கள். பூனைக்குப் போடும் குடலை அவித்துப் போடுங்கள். மீன் புழுக்களில் சில பூனையின் உடம்பிலும் வளரும்.

எது கொல்லும், எது கொல்லாது

கொல்வது சூடு. துண்டின் நடுப்பகுதி 60 பாகை செல்சியஸை எட்டி ஒரு நிமிடம் அதில் நின்றால் புழு செத்துவிடும். கொதிக்கும் ஆணத்தில் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை; புளியாணமோ பால் ஆணமோ, மீன் போட்டபின் நன்றாக ஒரு கொதி வந்து சதை முள்ளை விட்டு விலகினால் முடிந்தது. நம் கிழக்கு மாகாணத்துச் சமையல் முறை காலங்காலமாக நம்மைக் காத்து வந்திருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம். மீன் புழு நோயால் வாடிய நாடுகளையும் நம்மையும் பிரிப்பது ஆணச்சட்டிதான்.

கவனம் தேவைப்படும் இடங்கள் பொரியலும் சுடுதலும். ஐஸில் விறைத்த தடித்த அறுக்குளாத் துண்டை அப்படியே கொதிக்கும் எண்ணெயில் போட்டால் வெளியே கருகிப் பொன்னிறமாகும், உள்ளே பச்சையாக இருக்கும். முதலில் ஐஸை இளக விடுங்கள், துண்டை ஒரு விரல் தடிப்புக்கு மேல் வெட்டாதீர்கள், நெருப்பை மட்டுப்படுத்துங்கள். முள்ளருகே கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் சதை இருந்தால் மறுபடி சட்டியில் போடுங்கள். கடற்கரையில் பொழுதுபோக்காக முழு மீனைத் தணலில் சுடுவோர் குடலை எடுத்து, இரு பக்கமும் கீறி, எலும்பு வரை வெந்ததைப் பார்த்தே உண்ண வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு சூட்டைச் சீராகப் பரப்பாது. பச்சை மீனை அதில் மட்டும் வேகவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொல்லாதவற்றின் பட்டியல்தான் பலருக்கு வியப்பாக இருக்கும். தேசிக்காய்ப்புளி கொல்லாது. வினாகிரி நம்பத்தக்கதல்ல. மஞ்சள், மிளகு, உள்ளி எதுவும் சமையலுக்கான நேரத்தில் கொல்லாது. புளி பட்டவுடன் மீன் சதை வெளுத்து வெந்ததுபோல் தோன்றும். புழு உயிரோடுதான் இருக்கும். ஸ்பெயின் நாட்டில் நெத்தலியைப் பச்சையாக வினாகிரியில் ஊறவைத்துத் தின்பார்கள். அங்கே அனிசாக்கிஸ் நோய்க்கு முதன்மையான காரணம் அந்த உணவே. இதனால் 2006இல் அந்த நாடு, பச்சையாகப் பரிமாறும் மீனை உணவகங்கள் முதலில் உறைய வைத்தாக வேண்டும் என்று சட்டமியற்றியது. அதே நெத்தலியை நாம் மொறுமொறுவெனப் பொரித்துத் தின்கிறோம், ஒன்றும் ஆவதில்லை.

நெதர்லாந்தும் இதே பாடத்தைப் படித்தது. இலேசாக உப்பிட்ட பச்சை ஹெரிங் மீனை உண்டவர்களுக்கு வந்த கடும் வயிற்றுவலிக்கு இந்தப் புழுவே காரணம் என்பதை 1960இல் வான் தீல் என்ற ஒட்டுண்ணியியலாளர் வெளியிட்டார். 1968இல் ஹெரிங்கை உறைய வைப்பது அங்கே கட்டாயமானது. நோய் வெகுவாக அடங்கியது.

உறைய வைப்பது கொல்லும், ஆனால் அளவு முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய விதி மீனின் எல்லாப் பகுதியிலும் மைனஸ் 20 பாகையில் குறைந்தது 24 மணித்தியாலம். அமெரிக்க விதி மைனஸ் 20இல் 7 நாள். வீட்டுப் பிரிட்ஜின் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 பாகை, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் மேல் பெட்டி இந்த வேலைக்குப் போதாது. மின்வெட்டு வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. வீட்டில் உறைய வைத்த மீனைப் பச்சையாக உண்ணலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உப்பு மெதுவாகக் கொல்லும். நிறைய உப்பில் வாரக்கணக்கில் கிடந்து நன்கு காய்ந்த கருவாட்டில் புழு பிழைப்பது கடினம். எப்படியும் கருவாட்டைச் சமைத்தே உண்கிறோம்.

டின்மீன் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் இந்தோனேசியாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 27 வகைக் கானாங்கெளுத்தி டின்களில் அனிசாக்கிஸ் புழு இருந்ததாக அறிவித்தது. டின்னை மூடிய பின் ஆலையில் கொடுக்கும் சூட்டில் புழு உயிரோடு தப்பாது. ஆனால் செத்த புழுவின் புரதங்களில் சில சூட்டிலும் அழியாமல் நிற்கும். ஒவ்வாமை உள்ள ஒரு சிலருக்கு அது தடிப்பும் மூச்சு முட்டலும் தரலாம். டின்னில் புழுவைக் கண்டால் தின்ன வேண்டாம், எறியவும் வேண்டாம். லேபலோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள்.

2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி கிளம்பியபோது நாடு முழுதும் மீன் விற்பனை படுத்தது. நவம்பரில் மீன்பிடித்துறையின் முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகங்கள் முன் ஒரு பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். மீனால் கொரோனா வராது, மீனவர் வயிற்றில் அடிக்காதீர்கள் என்பதே அவர் சொல்ல வந்தது. அந்த அக்கறை மதிக்கத்தக்கது. ஆயினும் அந்தக் காட்சியைப் பார்த்துப் பச்சை மீன் தின்பது பாதுகாப்பானது என்று எந்தப் பிள்ளையும் எண்ணிவிடக் கூடாது.

புழுமேல் வீண்பழி

சூரை தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடித்தால் புழு என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது ஹிஸ்ரமின் நச்சு. சூரை, கும்பிளா போன்ற மீன்கள் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் கிருமிகள் அவற்றின் சதையில் இந்த நச்சை உண்டாக்கும். சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நமது கரையில் புழுவைவிட நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். மீனவர்களே, வியாபாரிகளே, மீனுக்கு நிகராக ஐஸ் போடுங்கள். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் இன்னும் தாராளமாகப் போடுங்கள்.

கருவாட்டின் மேல் துள்ளும் வெள்ளைப் புழு ஈயின் குஞ்சு. மீன் உயிரோடு இருந்தபோது அது இல்லை. காயப்போட்ட இடத்தில் ஈ முட்டையிட்டதால் வந்தது. தரையில் விரிக்காமல் உயர்த்திக் கட்டிய தட்டில், வலை மூடிக் காய வையுங்கள். பிள்ளைகளின் மலத்தில் வரும் கீரைப்பூச்சியும் நாக்குப்பூச்சியும் மீனால் வருவன அல்ல. கையும் மண்ணும்தான் காரணம். அதற்காகப் பிள்ளைக்கு மீனை நிறுத்தும் தாய்மார் நல்ல புரதத்தை வீணே மறுக்கிறார்கள்.

வாவியிலும் வயலிலும் இறங்குவோருக்கு

எருமை கிடக்கும் தேங்கிய நீரிலும் நெல் வயலிலும் இறங்கியவுடன் கால் சுறுசுறுவென்று, சில மணித்தியாலத்தில் சிவப்புக் கொப்புளமாகக் கடிப்பது உண்டு. மாடு, எருமை, நீர்ப்பறவை ஆகியவற்றின் இரத்தப் புழுக்களின் குஞ்சுகள் நத்தையிலிருந்து வெளிவந்து, ஆள் மாறி நம் தோலைத் துளைப்பதால் இது வருகிறது. மனித உடம்பில் அவை வளர முடியாது, தோலுக்குள்ளேயே செத்துவிடும். கடி ஏறக்குறைய ஒரு கிழமையில் அடங்கும். சொறிந்து புண்ணாக்குவதால்தான் சீழ் வைக்கிறது. நீரை விட்டு ஏறியவுடன் துணியால் அழுத்தித் துடைப்பது பாதிப் பாதுகாப்பு. ஈரம் தானாகக் காயட்டும் என்று நிற்கும் நேரத்தில்தான் குஞ்சுகள் உள்ளே நுழைகின்றன. வயலில் இறங்கிய சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது வேறு. எலிக்காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கரையில் வெட்டிய குடலைத் திரும்பக் கடலிலோ வாவியிலோ எறிவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். அந்தக் குடலில் உயிரோடு உள்ள புழுவை அடுத்த மீன் தின்கிறது; சுற்று மறுபடி தொடங்குகிறது. தென்னையடியில் முழங்கை ஆழத்தில் புதைத்தால் புழுவும் ஒழியும், மரத்துக்கும் உரமாகும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து கரைவலை இறங்கும் இடங்களில் ஒரு குழி வெட்டி மூடி போட்டால் நாய், காகத் தொல்லையும் குறையும்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

பச்சை அல்லது அரைவேக்காட்டு மீன் தின்ற சில மணித்தியாலத்துக்குள் மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, குமட்டல், வாந்தி வந்தால் அனிசாக்கிஸ் வயிற்றுச் சுவரைத் துளைப்பதாக இருக்கலாம். கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கமராக் குழாயை வயிற்றுக்குள் விட்டுப் புழுவைப் பிடுங்கி எடுத்தால் வலி உடனே தணியும், அதுவே சிகிச்சை. இந்த நோயை நம் வைத்தியர்கள் அன்றாடம் காண்பதில்லை, ஆகவே அவர்கள் தாமாக இதை நினைக்காமல் போகலாம். வைத்தியசாலையில் எடுத்த எடுப்பிலேயே மூன்றைச் சொல்லுங்கள்: எந்த மீன், எப்படிச் சமைத்தது, எத்தனை மணிக்குத் தின்றது.